டயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஏன்? காற்று முதல் வீல் நட்டு வரை

1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நான்கு டயருக்கும் சுமை சமமாகப் பிரிகிறது என்று வைத்தால் டயருக்கு 300 கிலோ. உள்ளே 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ அழுத்தம். 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர் வரும். விரல்களோடு சேர்த்து ஒரு கையின் அளவு. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது அவ்வளவு இடத்தில்தான். பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது எல்லாம் அந்த நான்கு கையகல இடங்களை நம்பித்தான் நடக்கின்றன. (பக்கச்சுவரும் சுமையில் கொஞ்சம் பங்கெடுப்பதால் நிஜக் கணக்கு சற்று மாறும். பெரும்பங்கு காற்றுடையதுதான்.)

டயர் சீக்கிரம் தேய்ந்துவிட்டால் உடனே பழி டயர் மேல் விழுகிறது. "இந்தக் கம்பெனி சரியில்லை" என்று வேறு கம்பெனி டயருக்கு மாறுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் கோளாறு டயரில் இருப்பதில்லை. காற்று குறைந்திருக்கும், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) விலகியிருக்கும், ஷாக் அப்சார்பர் செத்திருக்கும், அல்லது யாரோ நட்டைக் கண்டபடி முறுக்கியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்காமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே இடத்தில் அதே மாதிரி தேயும்.

எவ்வளவு காற்று, எப்போது பார்ப்பது

வண்டிக்கான சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் 'மேக்ஸ் பிரஷர்' எண்ணைப் பார்த்துக் காற்றடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. ஒரே டயர் பத்து விதமான வண்டிகளில் மாட்டப்படும். அவற்றின் எடை வேறு, எடை பிரியும் விதமும் வேறு. ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு வரிசை இருக்கும்: ஓரிரு ஆள் போகும்போது ஒன்று, முழு ஆள், முழு மூட்டையோடு போகும்போது ஒன்று. இரண்டாவது வரிசையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. நீண்ட பயணத்துக்கு ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும்போது பின் டயருக்கு அந்த எண் அவசியம்.

அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது 2 கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடிய டயரில் காற்றழுத்தம் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை ஏறிவிடும். 37 காட்டுகிறதே என்று பயந்து 32-க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலை 27 தான் இருக்கும். சூடான டயரில் காற்றைக் குறைக்கவே கூடாது. வழியில் அளந்து சூட்டிலேயே அளவு குறைவாகத் தெரிந்தால், ஸ்டிக்கர் எண்ணுக்கு மேல் 4 பிஎஸ்ஐ சேர்த்து அடித்துவிட்டு, ஆறிய பிறகு மறுபடி பார்த்துச் சரிசெய்யலாம்.

வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். பஞ்சரே இல்லாத நல்ல டயரிலும் ரப்பர் வழியே காற்று மெல்லக் கசியும். மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ போவது சாதாரணம். வெயில் காலத்தில் 33 வைத்து அப்படியே விட்டுவிட்டுக் குளிர் காலத்தில் பார்த்தால் 25-க்கும் கீழே இருப்பதில் அதிசயம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது, மாதம் ஒருமுறை கட்டாயம். காற்றடிக்கும் இடத்து மீட்டர் பலர் கையில் விழுந்து எழுந்தது. 2, 3 பிஎஸ்ஐ தப்பாகக் காட்டலாம். சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. வண்டிக்கு வண்டி அலகு மாறும்: 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், 14.5 பிஎஸ்ஐ.

கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ சொல்லலாம் என்பது பழைய காலத்துப் பழக்கம். ரேடியல் டயரின் பக்கச்சுவர் மெல்லியது, காற்று சரியாக இருக்கும்போதே தரையருகே சற்றுப் பிதுங்கித்தான் தெரியும். 8 பிஎஸ்ஐ குறைந்த டயரையும் சரியான டயரையும் பக்கத்தில் வைத்தால்கூடப் பலருக்கு வித்தியாசம் பிடிபடாது.

காற்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 15 இன்ச் ரிம்மில் ஓடும் சாதாரண கார் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கு 50,000 சுற்று. தரையைத் தொடும்போதெல்லாம் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. ரப்பர் மடங்கும்போது வாங்கும் சக்தி முழுவதையும் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை, மிச்சம் சூடாகிறது. காற்று குறையக் குறைய மடிப்பு ஆழமாகும், சூடு ஏறும். அந்தச் சூடு அதிகம் சேருவது பட்டனுக்கு (தரையில் படும் வெட்டுப் போட்ட ரப்பர் பகுதி) அடியில் இருக்கும் ஸ்டீல் பெல்ட்டின் ஓரத்தில். அங்கே ரப்பருக்கும் கம்பிக்கும் இடையிலான பிடி விட்டால் பட்டன் பகுதி அப்படியே உரிந்து வரும். வெயிலில், முழுச் சுமையோடு, வேகமாகப் போகும் வண்டியின் டயர் 'திடீரென்று' வெடிப்பதற்குப் பின்னால் இப்படி வாரக்கணக்கில் வெந்த கதை இருப்பது அடிக்கடி நடப்பது.

உலகமே கவனித்த ஒரு உதாரணம் உண்டு. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே பட்டன் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த அளவு 26 பிஎஸ்ஐ, டயர் கம்பெனி வைக்கச் சொன்னது 30. குற்றம் டயர் தயாரிப்பிலா, வண்டியின் வடிவமைப்பிலா, காற்றிலா என்று இரண்டு கம்பெனிகளும் மோதிக்கொண்டு பிரிந்தன. அதே ஆண்டு வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக, 2007 செப்டம்பர் முதல் அங்கே தயாரான எல்லாப் புதுக் கார்களிலும் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் உண்டு.

அந்த விளக்கை நம்பி கேஜைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அமெரிக்க விதிப்படி, சொன்ன அளவில் 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். 32 இருக்க வேண்டிய டயர் 24-க்கு வந்தால்தான் எரியும். 26-ல் ஓடிக்கொண்டிருக்கும் டயர் வெந்துகொண்டிருக்கும், விளக்கு சும்மா இருக்கும். இதில் இரண்டு வகை. ஒன்றில் சக்கரத்துக்குள் வால்வோடு சேர்ந்து சென்சார் இருக்கும்; அதன் பேட்டரி 5 முதல் 10 ஆண்டுகளில் தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். இன்னொன்றில் தனி சென்சார் கிடையாது. ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் மூலம் எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கும். நான்கு டயரிலும் ஒரே மாதிரி காற்று குறைந்தால் இந்த இரண்டாவது வகை ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. காற்றடித்த பிறகு அதை ரீசெட் செய்யவும் வேண்டும், இல்லாவிட்டால் பழைய அளவையே சரி என்று நினைத்துக்கொள்ளும்.

அளவுக்கு மேல் அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு நடுவில் தேயும், பிடிமானம் குறையும், பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சி நேராக உள் நூல்களுக்கும் ரிம்முக்கும் போகும். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது. கெடுதல் இல்லை. ஆனால் அதை அடித்துவிட்டு மூன்று மாதம் அளக்காமல் விடுவதைவிட, சாதாரணக் காற்றை மாதாமாதம் பார்ப்பது எவ்வளவோ மேல். இரண்டும் கலந்தாலும் ஒன்றும் ஆகாது.

ஒரே டயரில் மட்டும் அடிக்கடி காற்று இறங்கினால் வால்விலிருந்து தொடங்குங்கள். மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வால்வு வாயில் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் பின் தளர்ந்திருக்கிறது அல்லது அதன் ரப்பர் போய்விட்டது. அதைத் திருகி இறுக்கவோ மாற்றவோ ஒரு நிமிட வேலை. வால்வின் அடிப்பகுதியை லேசாக ஒரு பக்கம் வளைத்தும் பாருங்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் வால்வு அடியில் வெடித்திருந்தால் வளைக்கும்போது மட்டும் குமிழி வரும். புது டயர் போடும்போதெல்லாம் ரப்பர் வால்வையும் மாற்றச் சொல்வது இதனால்தான். வால்வு சரி என்றால் ரிம்மும் டயரும் சேரும் விளிம்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய அலாய் வீலில் அந்த விளிம்பில் அலுமினியம் பூத்துப் போய் டயர் சரியாக உட்காராமல் கசியும். டயரைக் கழற்றி அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி ஏற்றினால் நின்றுவிடும். வால்வு மூடி தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் காக்கும். அதைத் தொலைத்துவிட்டு ஓட்டாதீர்கள். அழகுக்காகப் போடும் அலுமினிய மூடி பித்தளை வால்வில் துரு ஏறி ஒட்டிக்கொள்ளும், கழற்றப் போனால் வால்வே உடையும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

தேய்மானத்தைப் படிப்பது

மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்கும்போதே டயரின் மேல் கையை ஓட்டிப் பார்க்கலாம். முன் டயரின் உட்பக்க ஓரம் வெளியிலிருந்து தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் தெரியும். பின் டயருக்கு செல்போன் கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கம் புதிது போல இருந்து, உட்பக்கம் கம்பி தெரியும் அளவுக்குப் போன டயர்கள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் காம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம், விலகியிருக்கிறது. பள்ளத்தில் பலமாக விழுந்த வண்டி, ஸ்பிரிங் தொய்ந்த வண்டி, உயரத்தைக் குறைக்க மாற்றம் செய்த வண்டி ஆகியவற்றில் இது வரும்.

கண்ணுக்கு எளிதில் தெரியாதது டோ கோளாறு. மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால்கூட அது நேராக உருளாமல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். 20,000 கிலோமீட்டரில் அது 170 கிலோமீட்டருக்கு மேல் தார் ரோட்டில் தேய்த்த கணக்கு. இதற்குக் கைதான் நல்ல கருவி: பட்டன் மேல் கையை உள்ளிருந்து வெளியே இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் ரம்பப் பல் மாதிரி கீறும், அல்லது இதற்கு நேர்மாறாக இருக்கும். அந்த வித்தியாசம் தெரிந்த அன்றே அலைன்மென்ட்டுக்கு விட்டால் டயர் தப்பிக்கும்.

டயரைச் சுற்றி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழிக் குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். அதன் பிடி போனதும் சக்கரம் தரையில் நிதானமாக உருளாமல் குதித்துக் குதித்து இறங்கும். பேலன்சிங் (சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது) போனாலும் இதே போலச் சிறு அளவில் வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தால் எப்போதோ சக்கரம் பூட்டிக்கொள்ளும்படி பிரேக் அடித்திருக்கிறார்கள்.

அலைன்மென்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்களான டை ராட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் இவற்றில் ஆட்டம் இருந்தால் மெஷினில் எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் ரோட்டுக்கு வந்ததும் விலகிவிடும். முதலில் அந்த ஆட்டத்தைச் சரிசெய்து, நான்கு டயருக்கும் காற்றைச் சரியாக வைத்து, பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்தச் சக்கரம் மறுபடி விலகியிருக்கிறது என்று ஒப்பிட அதுதான் ஆதாரம்.

பேலன்சிங் வேறு வேலை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பேலன்சிங் செய்து பயனில்லை, ஸ்டியரிங் அதிர்ந்தால் அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட்டும் தரையும் நடுங்கினால் பின் சக்கரம் என்று பொதுவாகச் சொல்லலாம். மெஷினுக்குப் போகும் முன் ரிம்மின் உட்பக்கம் பாருங்கள். காய்ந்த சேறு ஒரு கைப்பிடி ஒட்டியிருந்தாலே போதும், நடுங்கும். பேலன்சிங்குக்காக ரிம்மில் ஒட்டிய சின்ன எடை உதிர்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் அழுக்கில்லாத சின்னச் சதுரம் தெரியும்.

டயரை இடம் மாற்றுவது

முன்சக்கர இயக்க வண்டியில் இன்ஜின் எடை, இழுவை, திருப்பம், பிரேக்கின் பெரும்பகுதி எல்லாம் முன் டயர் மேல்தான். அதனால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயர்களை அதே பக்கமாக நேரே பின்னால் கொண்டுபோய், பின் டயர்களைக் குறுக்காக மாற்றி முன்னால் கொண்டுவருவார்கள். பின்சக்கர இயக்க வண்டியில் இது தலைகீழ்: பின் டயர்கள் நேரே முன்னால், முன் டயர்கள் குறுக்காகப் பின்னால். சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரைப் பக்கம் மாற்றக் கூடாது. முன்பின் மட்டும் மாற்றலாம். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் உள்ள வண்டியில் அதுவும் முடியாது. இடம் மாற்றிய பிறகு முன், பின் அளவுக்கு ஏற்பக் காற்றை மறுபடி சரிசெய்வதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு புது டயர் மட்டும் வாங்கினால் அவற்றை எங்கே போடுவது? முன்னால் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் பின்னால் போட வேண்டும். முன் டயர் தண்ணீரில் மிதந்து பிடி விட்டால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பிடி திரும்ப வரும், ஓட்டுபவருக்குக் கையில் தெரியும். பின் டயர் பிடி விட்டால் வண்டியின் பின்பகுதி சுழன்றுவிடும். அதைத் திருப்பிப் பிடிக்கச் சாதாரண ஓட்டுநருக்கு நேரமும் இருக்காது, பழக்கமும் இருக்காது.

புது கார் டயரின் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். பள்ளங்களுக்கு நடுவே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் பல நாடுகளில் சட்டப்படி டயர் முடிந்தது. ஆனால் ஈர ரோட்டில் 3 மில்லிமீட்டருக்குக் கீழேயே தண்ணீரை வெளியேற்றும் திறன் வேகமாகச் சரியும். மழைக் காலத்துக்கு முன் 3-க்கு அருகில் இருக்கும் டயரை மாற்றிவிடுவது நல்லது.

பட்டன் நிறைய இருந்தாலும் வயது ஆகியிருக்கலாம். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம். வெளியே தெரியவில்லை என்றால் உட்பக்கம் பாருங்கள். 5 ஆண்டுக்கு மேல் ஆன டயரை ஆண்டுதோறும் கடைக்காரரிடம் காட்டிச் சோதிப்பதும், 10 ஆண்டு ஆனால் எப்படியிருந்தாலும் மாற்றிவிடுவதும் டயர் கம்பெனிகளே சொல்லும் பொது விதி. சில வாகன நிறுவனங்கள் 6 ஆண்டு என்கின்றன. அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர் நன்றாக இருக்கும் என்று நினைப்பது தவறு. ரப்பருக்குள் ஓசோனைத் தடுக்கும் ஒரு மெழுகு கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு மடங்கும்போதுதான் அது மேற்பரப்புக்கு வரும். நிற்கும் டயரில் அது வராது, வெயில் பட்டு மயிர் வெடிப்பு விடும்.

பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல்கள் அறுந்திருக்கின்றன. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கியதால் வருவது அது. ரிப்பேர் கிடையாது, டயரை மாற்ற வேண்டும். புடைப்பில்லாமல் மேலிருந்து கீழாக ஓர் உள்வாங்கிய கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே துணி அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அது, பல நல்ல டயர்களில் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல டயரைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு, கெட்ட டயரை ஓட்டியவர்களும் உண்டு.

பஞ்சருக்கும் எல்லை உண்டு. தரையில் படும் பட்டன் பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டையை மட்டும் அடைக்கலாம். ஓரத்திலும் பக்கச்சுவரிலும் கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்குவதால் ஒட்டு நிற்காது. வெளியிலிருந்தே குத்தி நுழைக்கும் ரப்பர் திரி வீடு போய்ச் சேர உதவும். முறையான வேலை என்றால் டயரைக் கழற்றி உள்ளே பார்த்து, ஓட்டைக்குத் தண்டும் உள்பக்கம் பேட்சும் சேர்ந்த ஒட்டைப் போட வேண்டும். உள்ளே பார்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிய டயருக்குள் கறுப்பு ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும், பக்கச்சுவரின் உட்புறம் வளையமாக அரைபட்டிருக்கும். அப்படி இருந்தால் ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்த டயர் முடிந்துபோனது.

நட்டு முறுக்குவது

வண்டியின் எடையை நட்டோ, அது ஏறும் புரிக் கம்பியான ஸ்டட்டோ நேரடியாகத் தாங்குவதில்லை. அவை சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் பொருந்தும் நடுத் தட்டு) அழுத்திப் பிடிக்கின்றன. இரண்டு உலோக முகங்களுக்கு இடையிலான உராய்வுதான் சக்கரத்தை நகராமல் வைத்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் சக்கரம் நுண்ணிய அளவில் வழுக்கும், நட்டு தளரும், ஸ்டட் மாறி மாறி வளைந்து ஒருநாள் முறியும்.

பெரும்பாலான கார்களுக்கு நட்டை முறுக்க வேண்டிய அளவு 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான எண் வண்டிக் கையேட்டில். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 37 கிலோ அளவுக்கு அழுத்தினால் 110 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 70 கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டும். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படி முறுக்கினால் ஸ்டட் நீண்டு தன் வில்தன்மையை இழக்கும், பிரேக் டிஸ்க் லேசாகக் கோணி பிரேக் மிதிக்கும்போது அதிர்வு வரும், நடுரோட்டில் பஞ்சர் ஆனால் கையால் கழற்றவே முடியாது. ஏர் கன்னால் 'டர்ர்' என்று ஒரே இழுப்பில் முறுக்கிவிடும் இடங்களில், கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

சக்கரம் மாற்றும் வரிசை இது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, குறுக்கெதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தவும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தையும் ரிம்மின் பின்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும். அங்கே இருக்கும் துருவும் மண்ணும் இப்போது இறுக்கமாகத் தெரியும், ஓடும்போது நொறுங்கி இடைவெளி விடும். நட்டுகளைக் கையால் ஏற்றவும், கூம்பு முகம் ரிம் பக்கம் இருக்கட்டும். பிறகு நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றை விட்டு எதிரில் இருப்பதை, மெல்ல இறுக்கவும். வரிசையாகச் சுற்றி இறுக்கினால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்தபடி உட்காரும். கீழே இறக்கியதும் முழு அளவுக்கு இறுக்கவும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கவும்.

புரியில் எண்ணெய் விடலாமா என்றால், கம்பெனி சொல்லாத வரை வேண்டாம். கையேட்டின் எண் உலர்ந்த புரிக்கானது. எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து அதே முறுக்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும். சக்கரம் ஹப்பில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது தொல்லையாக இருந்தால், நடுவில் துருத்தியிருக்கும் ஹப் வளையத்தில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவலாம். தட்டையான முகத்தில் படக் கூடாது. ஸ்டீல் வீலிலிருந்து அலாய்க்கு மாறுபவர்கள் நட்டும் மாற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூம்பு முகம், உருண்டை முகம், தட்டை முகம் என்று மூன்று வகை. பொருந்தாத நட்டு இறுகியது போலக் காட்டும், ஆனால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கு டயரைப் பார்ப்பவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். அதுவும் மாதாமாதம் காற்று இழக்கும். முழு அளவு ஸ்டெப்னியில் முழுச் சுமைக்கான அளவில் காற்று வைத்தால், தேவையான இடத்தில் மாட்டிவிட்டுக் குறைத்துக்கொள்ளலாம். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ தேவை, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் அதன் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும். ஸ்டெப்னிக்குப் பதில் சீலன்ட் பாட்டில் கொடுத்திருக்கும் வண்டியில் அந்தப் பாட்டிலின் மேல் காலாவதி தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் டயர் மாதிரியே வயதாகும் பொருள்தான்.